பாக்கெட் கம்ப்யூட்டருக்கு முன்பணம்: போட்டால் வருமா?

கேள்வி: 9 பிப்ரவரி 2025

பலரிடம் முன்பணம் திரட்டிப் பொருள் செய்யும் கூட்டுநிதித் தளம் ஒன்றில் ஒரு பாக்கெட் கம்ப்யூட்டர் பார்த்தேன். மடக்கினால் பேன்ட் பையில் போய்விடும், முழு கீபோர்டு, லினக்ஸ் ஓடும். இப்போது பணம் கட்டினால் கடை விலையில் பாதிதானாம். வீடியோவில் வேலை செய்கிற மாடலையே காட்டுகிறார்கள். ஏமாற்று என்று தெரிந்தால் தளமே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்கிறான் நண்பன். காலேஜ் கடைசி வருடம், பார்ட் டைமில் சேர்த்த காசு. போடலாமா அண்ணா?

9 பிப்ரவரி 2025, இரவு

தளம் திருப்பித் தராது. முதலில் இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள் தம்பி.

கிக்ஸ்டார்ட்டர் என்ற தளத்தில் இலக்குத் தொகை சேரவில்லை என்றால் உங்கள் கார்டில் கை வைக்க மாட்டார்கள். பாதுகாப்பு என்று இருப்பது அது ஒன்றுதான். இலக்கு சேர்ந்துவிட்டால் தளம் 5% எடுத்துக்கொள்ளும், பணப் பரிமாற்றச் செலவுக்குத் தனியாக 3 முதல் 5% போகும், மீதி முழுவதும் தயாரிப்பாளர் கணக்குக்குப் போய்விடும். அப்புறம் நீங்களாச்சு, அவராச்சு. 'நாங்கள் கடை அல்ல' என்று 2012லேயே தலைப்புப் போட்டு எழுதிவிட்டார்கள்.

இன்னொரு தளமான இண்டிகோகோ இன்னும் தாராளம். இலக்கு சேராவிட்டாலும் சேர்ந்தவரை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று அங்கே உண்டு. ஒரு லட்சம் டாலர் இல்லாமல் செய்யவே முடியாது என்று சொன்னவர், இருபதாயிரத்தை வாங்கிக்கொண்டு என்ன செய்வார்?

பாதி விலை என்பதையும் நம்ப வேண்டாம். இன்னும் பிறக்காத பொருளுக்குக் கடை விலை ஏது?

10 பிப்ரவரி 2025

"அப்போ எல்லாமே ஃப்ரீடம் 251 கேஸ்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சிரித்துவிட்டேன். 2016ல் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று முன்பதிவு திறந்து முதல் நாளே இணையதளம் படுத்ததே, அதை யார் மறப்பார்கள்.

இல்லை, இது வேறு ரகம். திட்டம் போட்டு ஏமாற்றுகிறவர்கள் இங்கே குறைவு. வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியின் ஈதன் மாலிக் 2015ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் போட்ட ஏறக்குறைய 47,000 பேரிடம் கேட்டுப் பார்த்தார். சொன்ன பொருளைக் கொடுக்காமல் போன திட்டங்கள் 9% என்று வந்தது. அவருடைய முந்தைய ஆய்வில் முக்கால்வாசிக்கு மேல் தாமதம். அதாவது பெரும்பாலும் வரும், சொன்ன நாளில் வராது.

ஆனால் அந்த 9% என்பது புத்தகம், இசைத்தட்டு, பலகை விளையாட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட கணக்கு. கீலும் கீபோர்டும் பேட்டரியும் உள்ள கம்ப்யூட்டரை மட்டும் பிரித்தெடுத்தால் நிலைமை இதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

11 பிப்ரவரி 2025

என் மச்சான் அம்பத்தூரில் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறார். பிளாஸ்டிக் பாகங்கள் வார்ப்பதற்கு ஸ்டீல் மோல்டு வெட்டுகிற இடம். நீங்கள் அனுப்பிய வீடியோவை அவரிடம் காட்டினேன். ஸ்பெக் எதையும் பார்க்கவில்லை மனுஷன். கீல் இருக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, "இது மோல்டில் வந்ததா, மெஷினில் கடைந்ததா?" என்று கேட்டார். கடைந்தது என்று அவரே முடிவும் சொல்லிவிட்டார். ஓரம் அவ்வளவு கூர்மையாக மோல்டில் வராதாம்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. வேலை செய்கிற மாதிரி ஒன்றைச் செய்வது ஒரு வேலை, ஒரே மாதிரி ஐயாயிரம் செய்வது வேறு வேலை. மோல்டு ஒவ்வொன்றும் காசு. வெட்டிய பிறகு ஓர் இடத்தில் இன்னும் கொஞ்சம் ஸ்டீலைக் குறைக்கலாம். ஆனால் குறைத்ததைத் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. மூடி அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றால் பல சமயம் மோல்டைப் புதிதாக வெட்ட வேண்டியதுதான். இந்தச் செலவைப் பிரசாரத்துக்கு முன்பே செய்தவர் ஒரு வகை, உங்கள் பணம் வந்த பிறகு செய்யப் போகிறவர் இன்னொரு வகை.

கீபோர்டு அடுத்த தலைவலி. ஐந்தாறு அங்குல அகலத்துக்குக் கடையில் தயார் கீபோர்டு கிடைக்காது, தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும். பிரசாரம் நன்றாகப் போனால் பணம் போட்டவர்கள் ஜெர்மன் விசை வரிசை வேண்டும், நார்வே வேண்டும், ட்வோராக் வேண்டும் என்பார்கள். உற்சாகத்தில் தயாரிப்பாளர்கள் எல்லாவற்றுக்கும் சரி என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, தனி இருப்பு, தனிப் பெட்டி.

சிப் இன்னும் மோசம். பெரிய சிப் நிறுவனத்துக்கு ஐயாயிரம் பீஸ் ஆர்டர் கண்ணிலேயே படாது. ஆவணம் கிடைக்காது, சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளின் மூலநிரல் கிடைக்காது. கிடைத்த பழைய கெர்னலிலேயே, அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே, மெஷின் காலம் முழுக்க நிற்கும். 'லினக்ஸ் ஓடும்' என்ற வாக்கியத்துக்குப் பின்னால் கேட்க வேண்டியது, எந்தக் கெர்னல், யார் பராமரிக்கிறார்கள், வைஃபையும் ஸ்லீப்பும் வேலை செய்கின்றனவா என்பது. ஓடும் என்பது பொய்யாகவும் இருக்காது, ஓடும். மூடியை மூடினால் தூங்காது, அவ்வளவுதான்.

11 பிப்ரவரி 2025, கொஞ்ச நேரம் கழித்து

இவிடி, டிவிடி, பிவிடி என்று அப்டேட்டுகளில் வரும். பொறியியல் சோதனை, வடிவமைப்புச் சோதனை, உற்பத்திச் சோதனை. 'டிவிடி முடிந்தது' என்று படித்துவிட்டு மெஷினில் டிவிடி டிரைவ் இருக்கிறதா என்று ஒருவர் கமென்டில் கேட்டதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீடியோவில் இருப்பது இவிடிக்கும் முந்தையது போலத்தான் தெரிகிறது.

14 பிப்ரவரி 2025

பான்டோரா கதையைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வகை மெஷினுக்குப் பணம் போடக் கூடாது என்பது என் கட்சி.

2008 செப்டம்பர் 30 அன்று முன்பதிவு திறந்தார்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கையடக்க விளையாட்டுக் கருவிகள் விற்றுக்கொண்டிருந்த ஆட்கள், ரசிகர்களின் ஆலோசனையைக் கேட்டுக் கேட்டு வடிவமைத்த மெஷின். சிறிய கீபோர்டு, விளையாடுவதற்கு இரண்டு குமிழ், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமேப் 3530 சிப், 256 எம்பி நினைவகம். அந்தக் காலத்துக்கு அற்புதம். முதல் கட்டம் 4,000 மெஷின்.

முதல் அடி எங்கிருந்து வந்தது தெரியுமா? வங்கியிடமிருந்து. இல்லாத பொருளுக்கு இவ்வளவு பேர் கார்டில் பணம் கட்டுகிறார்களே என்று பயந்து, கார்டில் வந்த பணத்தைத் திருப்பி அனுப்பச் செய்துவிட்டது. மறுபடி எல்லோரையும் பணம் கட்டச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்புறம் வெளிக்கூடு, அப்புறம் குமிழ். முதல் மெஷின்கள் வெளியே போனது 2010 மே மாதம். அதன் பிறகும் அமெரிக்காவில் செய்த சர்க்யூட் பலகைகளில் பழுது, உற்பத்தியை ஜெர்மனிக்கு மாற்றினார்கள், முன்பதிவு செய்த எத்தனையோ பேர் வரிசையிலேயே நின்றார்கள்.

இதில் யாரையும் திருடன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடங்கலையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரான மிக்கேல் ம்ரோஸெக் பிறகு அடுத்த மெஷினையும் தொடங்கினார், பெயர் பைரா. அதற்கு முன்பதிவு 2016 மே. வாடிக்கையாளர் கைக்கு வரத் தொடங்கியது 2020 வாக்கில். உள்ளே இருப்பது ஓமேப் 5. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன், டேப்லெட் சிப் சந்தையிலிருந்து விலகப் போவதாக அறிவித்தது 2012ல். முன்பதிவு திறந்த நாளிலேயே சிப்பின் சொந்தக்காரர் கடையைக் கட்டி நாலு வருடம் ஆகியிருந்தது.

நேர்மை இருந்தது, திறமை இருந்தது, அனுபவமும் இருந்தது. அப்படியும் இந்தக் கதி.

15 பிப்ரவரி 2025

பான்டோரா கூட்டுநிதி இல்லை, நேரடி முன்பதிவு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், கிக்ஸ்டார்ட்டரே 2009ல்தான் வந்தது. பணம் கட்டியவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சொல்லப்போனால், முன்பதிவு என்றால் நுகர்வோர் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். 'ஆதரவாளர்' ஆகிவிட்டால் அதற்கும் வாதாட வேண்டும்.

20 பிப்ரவரி 2025

என் சொந்தக் கதையைக் கேட்டீர்கள். பெயர் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

மடக்கு மெஷின்தான், கீபோர்டு உள்ளதுதான். முதல் சில மாதம் அப்டேட் மழை. சர்க்யூட் பலகைப் படம், மோல்டு படம், கீபோர்டைத் தட்டுகிற இயந்திரக் கை. அப்புறம் சீனப் புத்தாண்டு வந்தது, தொழிற்சாலை விடுமுறை என்றார்கள். நியாயம்தான், அங்கே எல்லாத் தொழிற்சாலையும் மூடுகிறது. புத்தாண்டு முடிந்து வெகுநாள் ஆகியும் விடுமுறை முடியவில்லை. சிப் மாற்றம் என்று ஓர் அறிவிப்பு, 'இன்னும் சிறந்தது' என்ற அடைமொழியோடு. அதற்கடுத்து என்ன நிறம் வேண்டும் என்று ஒரு கருத்துக்கணிப்பு. பொருளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாதபோதுதான் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்பதை அப்போதிருந்து கவனித்து வருகிறேன்.

பிறகு படங்கள் தொழிற்சாலையிலிருந்து வருவது நின்று கண்காட்சி அரங்குகளிலிருந்து வர ஆரம்பித்தன. நல்ல சட்டை போட்ட நாலு பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், கையில் அதே பழைய மாதிரி. கப்பல் செலவு ஏறிவிட்டது, கூடுதலாக இவ்வளவு கட்டுங்கள் என்று மெயில் வந்தது. கட்டினேன்.

ஆனால் வந்தது. எல்லோரும் பொருள் வராத கதையையே எதிர்பார்க்கிறார்கள், எனக்கு வந்தது. பெட்டி அழகு, கீபோர்டு அருமை. ஆன் செய்ததும் அப்டேட் தேடியது. தேடிய முகவரியே இல்லை. அதற்குள் நிறுவனத்தின் தளம் அணைந்துவிட்டது. ஒரு பக்கத்து சார்ஜிங் போர்ட் முதல் நாளிலிருந்தே வேலை செய்யவில்லை. யாரிடம் சொல்வது?

இன்றும் அதில் வைஃபையை அணைத்துவிட்டு டைரி எழுதுகிறேன். அந்த வேலைக்கு அதைவிட நல்ல மெஷின் என்னிடம் இல்லை. பிரவுசரைத் திறந்தால் பாதிப் பக்கங்கள் சான்றிதழ் பிழை என்கின்றன.

21 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "வந்தது என்றால் வெற்றிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாலிக்கின் கணக்கில் வெற்றிதான்.

பாக்கெட்சிப் தெரியுமா? கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் நெக்ஸ்ட் திங் என்ற நிறுவனம் 2015ல் 9 டாலர் கம்ப்யூட்டர் என்று கிக்ஸ்டார்ட்டரில் இறங்கியது. கேட்டது 50,000 டாலர், ஏறக்குறைய 40,000 பேர் சேர்ந்து கொடுத்தது 20 லட்சம் டாலருக்கு மேல். அந்தச் சின்னப் பலகையை நுழைத்து, திரையும் கொப்புளக் கொப்புளமாய் விசைகளும் வைத்த கையடக்கக் கூடுதான் பாக்கெட்சிப். வந்தது, பலருக்கும் பிடித்தது. 2018ல் நிறுவனம் திவால். அந்த மெஷினில் மென்பொருளைப் புதிதாக ஏற்ற வேண்டுமானால் அவர்கள் சர்வரிலிருந்து இறக்க வேண்டும். சர்வர் போனதும் நல்ல மெஷினெல்லாம் அனாதை. ரசிகர்கள் முன்கூட்டியே கோப்புகளை நகலெடுத்து வைத்திருந்ததால் பிழைத்தது.

பொருள் வருமா என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: பெட்டி வீட்டுக்கு வந்த மறுநாள் நிறுவனம் மூடினால், என்னிடம் இருக்கும் மெஷின் எதற்கு உதவும்? இதற்குப் பதில் திருப்தியாக இருந்தால்தான் பணம்.

3 மார்ச் 2025

"ஏற்கெனவே ஒரு பொருள் செய்து கொடுத்தவரா என்று பார்த்தால் போதாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு முதலில் 'ஆமாம், அதுதான் நல்ல அளவுகோல்' என்று தட்டச்சு செய்தேன். அனுப்புவதற்குள் பட்டியல் போட்டுப் பார்த்தேன், அழித்துவிட்டேன்.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வேகா ப்ளஸ். ரெட்ரோ கம்ப்யூட்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். முதலில் டிவியில் செருகி விளையாடும் வேகாவை இண்டிகோகோ வழியாகச் செய்து ஒழுங்காகக் கொடுத்தார்கள். 1980களில் அசல் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த சர் கிளைவ் சின்கிளேரின் நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? 2016ல் கையடக்க வேகா ப்ளஸுக்கு 5 லட்சம் பவுண்டுக்கு மேல் வசூலானது. இயக்குநர்கள் பிரிந்து சண்டை, வழக்கு. 2018ல் இண்டிகோகோவே கடன் வசூலிப்பவர்களை அனுப்பப் போவதாகச் சொன்னது. அதன் பிறகு சிலருக்கு மட்டும் மெஷின் வந்தது, வந்ததும் உருப்படியில்லை. 2019ல் நிறுவனத்தைக் கலைத்தார்கள்.

ஜோலா. பின்லாந்து, நோக்கியாவிலிருந்து வெளியே வந்தவர்கள், 2013ல் போன் செய்து விற்றவர்கள். 2014 நவம்பரில் டேப்லெட்டுக்கு 3,80,000 டாலர் கேட்டு 25 லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். அடுத்த வருடக் கடைசியில் கையில் காசில்லை. சில நூறு பேருக்கு டேப்லெட் போனது. மற்றவர்களுக்குப் பணத்தில் பாதி முதலில், மீதி நிதி நிலைமை இடம் கொடுக்கும்போது என்றார்கள்.

பிளானட் கம்ப்யூட்டர்ஸ். இது எனக்குக் கொஞ்சம் மனசு வலிக்கிற உதாரணம், ஏனென்றால் அவர்களுடைய முதல் மடக்கு மெஷினான ஜெமினியை நான் நேசிக்கிறேன். 1997ன் சையான் 5 என்ற பாக்கெட் கம்ப்யூட்டரை வடிவமைத்த மார்ட்டின் ரிட்டிஃபோர்டுதான் அந்தக் கீலையும் கீபோர்டையும் வடித்தவர். 2017ல் இண்டிகோகோ, 2018 தொடக்கத்தில் பொருள் வர ஆரம்பித்தது. அடுத்தது காஸ்மோ, அதுவும் வந்தது. மூன்றாவது ஆஸ்ட்ரோ ஸ்லைடு, 2020 மார்ச்சில். மீடியாடெக் டைமென்சிட்டி 1000 சிப் என்று அறிவித்து 800க்கு மாறினார்கள். 2021ல் வர வேண்டியது 2022ல்தான் நகரத் தொடங்கியது. அதற்குப் பிறகும் காத்திருந்தவர்கள் நிறைய. நடுவில் கொரோனா, உலகம் முழுக்கச் சிப் பஞ்சம், அது உண்மை. ஆனால் முதல் இரண்டைப் பார்த்து நம்பி மூன்றாவதற்குப் பணம் கட்டியவர்கள்தான் அதிகம் தவித்தார்கள்.

யோசித்தால் காரணம் புரிகிறது. முதல் பொருளில் லாபம் நிற்காது. ஆள் சம்பளம், திரும்பி வந்த பழுது, வாரன்டி எல்லாம் இருக்கும். உயிரோடு இருக்க அடுத்த பிரசாரம் நடத்தியாக வேண்டும். எந்த நிறுவனத்தில் எந்தக் காசு எங்கே போனது என்று வெளியில் இருக்கும் நமக்குத் தெரியாது. ஆனால் அடுத்ததற்கு வாங்கும் பணத்தில் முந்தையதன் பாக்கியை அடைக்கும் சபலம் இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

ஏலச்சீட்டு மாதிரிதான். ஒரு வித்தியாசம், சீட்டுக்கு 1982ன் சட்டமும் பதிவாளரும் இருக்கிறார்கள். இங்கே கமென்ட் பகுதி மட்டும்தான் இருக்கிறது.

4 மார்ச் 2025

ஒரேயடியாக இருட்டாக எழுதிவிட்டேன் போல. ஜிபிடி (GPD) நிறுவனம் இருக்கிறதே என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள்.

ஆமாம், இருக்கிறது. சீனாவின் ஷென்சென் நகரத்து நிறுவனம், கையடக்கக் கம்ப்யூட்டர் செய்கிறவர்கள். 2016ல் வின், 2017ல் 7 அங்குல பாக்கெட், 2018ல் வின் 2, எல்லாம் இண்டிகோகோ வழியாக வந்தவை, எல்லாம் ஆட்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தவை. பாக்கெட் மட்டும் 30 லட்சம் டாலருக்கு மேல் வசூல். என்ன ரகசியம்? மோல்டு வெட்டுகிறவரும் பலகை செய்கிறவரும் அதே ஊர்க்காரர்கள். இன்டெல் சிப், விண்டோஸ், அதனால் டிரைவருக்கு அழ வேண்டியதில்லை. பிரசாரம் திறக்கும்போதே பெரும்பகுதி வேலை முடிந்திருக்கும். அவர்களுக்கு அந்தத் தளம் முன்பதிவு கவுன்டர் மட்டும்தான்.

ஆகவே நான் தேடும் அடையாளம் 'முன்பு கொடுத்தாரா' என்பது அல்ல. 'என் பணம் வருவதற்கு முன்பே எவ்வளவு வேலை முடித்திருக்கிறார்' என்பது. மச்சான் சொன்ன மோல்டு கேள்விதான் சுற்றி வந்து நிற்கிறது.

4 மார்ச் 2025, இரவு

லிப்ரெம் 5 என்ற லினக்ஸ் போனைப் பற்றிக் கேட்டவருக்கு: 2017ல் பியூரிசம் தன் சொந்தத் தளத்தில் நடத்திய பிரசாரம், 599 டாலர். 2019 ஜனவரி என்றார்கள். அந்த வருடம் செப்டம்பரில் ஆஸ்பென், பர்ச் என்று மரப் பெயர்களில் சிறு சிறு தொகுதிகள் புறப்பட்டன. பெரிய அளவில் உற்பத்தியான எவர்கிரீன் 2020 நவம்பரில். பணத்தைத் திரும்பக் கேட்டவர்களுக்கு நடந்த இழுபறி தனிப் புராணம். போனாக வாங்கியவர்களைவிடக் கொள்கைக்காக வாங்கியவர்கள் பொறுமையாக இருந்தார்கள்.

12 மார்ச் 2025

"கார்டு கம்பெனியிடம் புகார் செய்து பணத்தை மீட்கலாமே, சார்ஜ்பேக் இருக்கிறதே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. விசாவின் விதிப்படி, பொருள் வந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து 120 நாள். ஆனால் பணம் கட்டிய பரிவர்த்தனையிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. ஒன்றரை வருடம் என்று வையுங்கள். மேலே எழுதிய கதைகளின் தேதிகளை ஒருமுறை பாருங்கள், எத்தனை பேர் அந்தக் கெடுவுக்குள் நம்பிக்கை இழந்திருப்பார்கள்? ஒவ்வொரு அப்டேட்டும் 'அடுத்த மாதம்' என்றே சொல்லும், நாமும் நல்லவர்களை நோகடிப்பானேன் என்று இருப்போம், கெடு தாண்டிவிடும். அதற்குள் கேட்டாலும், இது கொள்முதல் அல்ல, ஆதரவுத் தொகை என்று எதிர்த் தரப்பு வாதாடலாம்.

கேட்பதானால் சீக்கிரம் கேளுங்கள். பிரசாரப் பக்கத்தை, தேதி வாக்குறுதி தெரிகிற மாதிரி, பணம் கட்டும் நாளிலேயே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திருத்துவார்கள்.

13 மார்ச் 2025

இங்கே வந்து சேரும் செலவைக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2023 ஆகஸ்டில் லேப்டாப், டேப்லெட், மிகச் சிறிய கம்ப்யூட்டர் இறக்குமதிக்கு இந்திய அரசு கட்டுப்பாடு போட்டபோது, இணையத்தில் வாங்கித் தபாலிலோ கூரியரிலோ வரும் ஒரு மெஷினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. வரி கட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் நண்பனுக்கும் சேர்த்து இரண்டு ஆர்டர் போடும் யோசனையை விடுங்கள். பேட்டரியை மட்டும் தனியாக வரவழைப்பதும் சுலபமில்லை. தனி லித்தியம் பேட்டரிச் சரக்கைப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது 2016 முதல் தடை. இந்த மாதிரி மெஷின்களில் முதலில் சாவது பேட்டரிதான்.

2 ஏப்ரல் 2025

ஸ்மாக் இசட் ஞாபகம் வந்தது. ஸ்பெயின்காரர்கள். 2014ல் ஸ்டீம்பாய் என்ற பெயரில் ஆரம்பித்து, கையில் பிடித்து பிசி கேம் ஆடும் மெஷின் என்று கிக்ஸ்டார்ட்டரில் பணம் வாங்கினார்கள். 2021ல் திவால். அதே வருடம் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் அறிவித்தது. ஏறக்குறைய அதே யோசனை, விலை 399 டாலரிலிருந்து.

யோசனை சரியாக இருப்பதற்கும் அதை அந்தக் கை செய்து முடிப்பதற்கும் சம்பந்தமில்லை. எல்லோருக்கும் பிடிக்கிற யோசனையாக இருந்தால் பெரிய நிறுவனம் ஒன்று பின்னால் செய்துவிடும், காத்திருந்தால் போதும். கீபோர்டு பாக்கெட் கம்ப்யூட்டரில் சிக்கல், இது எல்லோருக்கும் பிடிக்காது. நம்மை மாதிரிச் சில ஆயிரம் பேருக்குத்தான் பிடிக்கும். பெரியவர்கள் வர மாட்டார்கள் என்று தெரிவதால்தான் சின்னவர்களை நம்புகிறோம்.

2 ஏப்ரல் 2025, இன்னும் கொஞ்சம்

பெரிய இலக்கு வைத்து நேர்மையாகத் தோற்றதையும் சொல்ல வேண்டும். உபுண்டு எட்ஜ், 2013. போனையே கம்ப்யூட்டராக்கப் போகிறோம், 3.2 கோடி டாலர் இருந்தால்தான் முடியும் என்றார்கள். 1.28 கோடி சேர்ந்தது. போதாது என்று கைவிட்டார்கள், ஒவ்வொரு டாலரும் திரும்பிப் போனது. இந்த இழையில் வரும் தோற்றுப்போன திட்டங்களிலேயே யாருக்கும் நஷ்டம் வராதது இதுதான். உண்மையான செலவைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை, விட்டார்கள். வெறும் 50,000 டாலரில் கம்ப்யூட்டர் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் உபுண்டு எட்ஜ் ஞாபகம்தான் வருகிறது.

உங்கள் மெஷினின் இலக்கு எவ்வளவு என்று போய்ப் பார்த்தேன். 20,000 டாலர். மோல்டுக்கே பத்தாது என்கிறார் மச்சான்.

6 மே 2025

நீண்ட நாள் கழித்து வந்தீர்கள். பணம் போடவில்லை, பழைய ஜெமினி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்கிறீர்கள்.

வாங்கலாம். ஆனால் போனாகவோ பிரவுசராகவோ நினைத்து வாங்காதீர்கள், ஆண்ட்ராய்டு பழசு. எழுதவும், டெர்மினலில் இன்னொரு மெஷினுக்குள் நுழையவும் என்றால் சரி. நேரில் போய்ப் பாருங்கள். மூடியை மூடிவிட்டுப் பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடிப்பாகம் புடைத்திருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். யுஎஸ்பி சி போர்ட் இரண்டு உண்டு, இரண்டிலும் ஏதாவது செருகிப் பாருங்கள். டெபியன் என்ற லினக்ஸ் போட்டிருந்தால் பழைய ஆண்ட்ராய்டு கோப்புகளும் கைவசம் இருக்கின்றனவா என்று கேளுங்கள், இருந்தால் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கீபோர்டில் ஒரு விசை விடாமல் தட்டிப் பாருங்கள். ஸ்பேஸ் பாரை நடுவில் தட்டினால் எல்லாம் வேலை செய்யும், ஓரத்தில் தட்டிப் பாருங்கள்.